நாளையும் வருபவர் உண்ணும் இடம்

பள்ளி விடுமுறையில் தமிழ்நாட்டிலிருந்து கொல்கத்தாவுக்குச் செல்லும் நடுத்தரக் குடும்பம் ஒன்று, மூன்றாம் நாள் இரவு விடுதி அறையில் அமர்ந்து கணக்குப் பார்ப்பதாகக் கொள்வோம். இரயில் கட்டணம் முன்பே கட்டியது. அறை வாடகையும் பேசி முடித்ததுதான். கையைக் கடித்திருப்பது சாப்பாடு. அத்தனை செலவழித்தும் சாப்பிட்டது எதுவும் நினைவில் நிற்கும்படி இருந்திராது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே சுவையில் கிடைக்கும் பன்னீர் பட்டர் மசாலா, பாட்டிக்காக அலைந்து தேடிய தயிர்சாதம், விக்டோரியா நினைவு மண்டபத்தின் வாசலில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய ஏதோவொன்று. அவர்கள் நடந்துபோன அதே நடைபாதைகளில் அந்நகரத்தின் எழுத்தர்களும் சுமைதூக்குவோரும் மாணவர்களும், இவர்கள் செலவிட்டதில் சிறு பங்குக்கு வயிறார உண்டு, கைகழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருப்பார்கள்.

அக்குடும்பம் தேடவில்லை என்று குறைகூற முடியாது. புறப்படும் முன்பே மகளோ மகனோ கைப்பேசியில் 'தவறவிடக்கூடாத இடங்கள்' என்ற வகைப் பட்டியல்களைத் திரட்டி வைத்திருப்பார்கள். அப்பட்டியல்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் நடைபாதைக் கடைக்குப் பெரும்பாலும் பெயரில்லை, பலகையில்லை, கதவெண்ணும் இல்லை. பெயரற்றதை வரைபடம் எப்படிக் காட்டும்? ஆகவே பட்டியலுக்குள் நுழைவது பெயர்பெற்ற கடை மட்டுமே. பெயர் பெற்றபின் அங்கே வெளியூர்க் கூட்டம் கூடுகிறது, வரிசை நீள்கிறது, விலையும் மெல்ல ஏறுகிறது. 'இங்கே எது பிரபலம்?' என்று விடுதிக்காரரிடம் கேட்டாலும் இதே பட்டியல்தான் வாய்மொழியாக வரும். வெளியூரார்க்குத் தம் ஊரின் பெருமையைக் காட்ட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தாம் அன்றாடம் உண்ணும் மரப்பலகையைக் காட்ட எவருக்கும் சற்றுக் கூச்சமாகவே இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. வங்காளத்தில் அது மூன்றே சொற்களில் முடியக்கூடியது, பெயர்ச்சொல்லோடு சேர்த்தால் நான்கு: 'ஆப்னி துபுரே கொதாய் கான்?' நீங்கள் மதியம் எங்கே சாப்பிடுவீர்கள்? இக்கேள்வியைக் கேட்கத் தக்கவர் விடுதி வரவேற்பாளர் அல்லர். வாசலில் நிற்கும் காவலாளி, மூலையில் உள்ள மருந்துக்கடைப் பையன், வங்கிக்கு வெளியே விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர். அவர்கள் சுட்டும் இடம் ஏறத்தாழ எப்போதும் நடந்துபோகும் தொலைவில் இருக்கும்.

இக்கேள்வி ஏன் பலிக்கிறது என்பதற்கு எளிய காரணம் ஒன்றுண்டு. உணவு மலிவாகவும் இருந்து நன்றாகவும் இருக்க வேண்டுமானால், அதை உண்பவர் நாளையும் வருபவராக இருக்க வேண்டும். அலுவலக எழுத்தர் ஒருவர் ஆண்டில் இருநூறு நாளுக்கு மேல் அதே தட்டில் அதே கடையில் உண்கிறார். ஒருநாள் எண்ணெய் கெட்டிருந்தால் மறுநாள் அவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். போவதோடு அலுவலகம் முழுவதும் சொல்லியும் விடுவார். விலையைத் திடீரென உயர்த்தினாலும் அப்படியே. மாநகராட்சியின் சுகாதார ஆய்வாளர் ஆண்டுக்கு எத்தனை முறை வருவாரோ தெரியாது, இந்த ஆய்வாளர் நாள்தோறும் வருகிறார். சுற்றுலாத் தலத்தின் வாசலில் நிற்கும் கடைக்கு இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. இன்று வாங்குபவர் நாளை வேறு மாநிலத்தில் இருப்பார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அதனால் வாசல் கடைகள் எல்லாம் ஏமாற்றுவன என்று சொல்லிவிட முடியாது. தட்சிணேசுவரம் காளி கோயிலுக்கு வெளியே கொசுரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் விற்கும் கடைகளுக்கு, மாதந்தோறும் வரும் அடியார்களே வாடிக்கையாளர்கள். அங்கே வாசலே ஒரு அன்றாடமாகிவிடுகிறது.

கொல்கத்தாவில் இந்த விதி கண்கூடாகத் தெரியும் இடம் டேக்கர்ஸ் சந்து. எஸ்பிளனேடிலிருந்து பழைய டல்ஹௌசி சதுக்கம் நோக்கிப் போகும் வழியில், உயர்ந்த அலுவலகக் கட்டடங்களின் இடுக்கில் இருக்கிறது. ஆவணங்களில் அதன் பெயர் ஜேம்ஸ் ஹிக்கி சரணி. 1780இல் இந்தியாவின் முதல் அச்சுச் செய்தித்தாளை இந்நகரில் தொடங்கிய ஹிக்கியின் நினைவாக இடப்பட்டது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வழி சொல்வோர் குறைவு. அந்த வட்டாரத்தை வங்காளிகள் 'ஆபிஸ் பாரா' என்பார்கள். 'பாரா' என்ற சொல் நம்முடைய 'பேட்டை'க்கும் 'தெரு'வுக்கும் இடைப்பட்டது: ஒருவரையொருவர் அறிந்தோர் புழங்கும் வட்டாரம் என்னும் பொருளை அது சுமந்து நிற்கும். அலுவலகக் கட்டடங்கள் நிறைந்த இடத்தையும் 'பாரா' என்று சொல்லும்போதே அங்கே உண்போரும் விளம்புவோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்ற செய்தி அச்சொல்லுக்குள் அமர்ந்துவிடுகிறது.

மதியம் ஒரு மணிக்கு அந்தச் சந்தில் நிற்க இடமிருக்காது. தெளிந்த கோழிச் சாற்றில் பப்பாளிக்காயும் கேரட்டும் மிதக்கும் 'ஸ்டூ', அதைத் தொட்டு உண்ணச் சுட்ட ரொட்டி. காய்ந்த பட்டாணியை மசாலாவில் குழைய வேகவைத்த குக்னி. கிச்சடி, மீன் வறுவல், பூரியைப் போன்ற லூச்சி, நூடுல்ஸ். பெயர் கேட்டாலே காரம் என்று அஞ்சும் பாட்டிக்கும் பயணத்தில் வயிறு கலங்கிய குழந்தைக்கும் அந்த ஸ்டூ ஒரு வரம். மிளகுத்தூளைத் தவிரக் காரமேதும் அதில் பெரிதாக இல்லை. அதே கடைகளில் காய்கறி ஸ்டூவும் கேட்டால் கிடைக்கும்.

ஆனால் இதே சந்துக்கு ஞாயிற்றுக்கிழமை போகும் குடும்பம் மூடிய கதவுகளையும் தூங்கும் நாய்களையும் பார்த்துவிட்டுத் திரும்பும். தெருவுணவைத் தேடுவோர் அதிகம் தவறவிடுவது இதைத்தான். அவர்கள் இடத்தைக் குறித்துக்கொள்கிறார்கள், நேரத்தைக் குறிப்பதில்லை. தெருவின் அடுப்பு உழைப்பவரின் பசியோடு சேர்ந்து எரிந்து அணைகிறது. காலை ஏழு மணிக்கு இனிப்புக்கடைகளின் முன்னால் கொசுரியும் சூடான ஜிலிபியும். பத்துமணிக்குப் போனால் ஆறிப்போனது கிடைக்கும். மதியத்தில் அலுவலக வட்டாரமும் சோற்றுக் கடைகளும். மாலை ஐந்து மணி வாக்கில் குடியிருப்புத் தெருக்களில் 'தேலேபாஜா'க் கடைகள் எண்ணெய்ச் சட்டியை ஏற்றுகின்றன: கத்தரிக்காயில் பேகுனி, வெங்காயத்தில் பேயாஜி, உருளைக்கிழங்கில் ஆலுர் சாப். கூடவே கடுகெண்ணெய் தெளித்த ஜால்முரி. பொரியை நாம் உண்பதுபோலத்தான், ஆனால் மூக்கில் ஏறும். இரவு நெருங்கும்போது முட்டையோ இறைச்சியோ வைத்துச் சுருட்டிய ரோல். ஞாயிறு விடியற்காலையில் டிரெட்டா பஜாரில், போத்தார் கோர்ட் அருகே, சீன வம்சாவளியினர் விற்கும் ஆவியில் வெந்த பாவும் மோமோவும். எட்டரைக்கு மேல் எழுந்துவரும் குடும்பத்துக்கு மிச்சமிருப்பது காலிக் கூடைகள். இந்த நேரக்கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய இடங்களை அதைச் சுற்றி அடுக்கினால் போதும். பெரும்பாலான குடும்பங்கள் தலைகீழாகச் செய்கின்றன. அருங்காட்சியகத்தைப் பார்த்து முடித்து மூன்றரை மணிக்குப் பசியோடு வெளியே வருகின்றன. அந்நேரத்தில் அந்நகரத்தில் உழைப்பவர் எவரும் உண்பதில்லை. திறந்திருப்பது குளிரூட்டிய உணவகம் ஒன்றே.

நேரத்தைப் போலவே சொல்லும் ஏமாற்றும். தமிழுக்கும் வங்காளத்துக்கும் பொதுவாக ஆங்கிலத்திலிருந்து வந்திறங்கிய சில சொற்கள் இரு மொழிகளிலும் வெவ்வேறு இடத்தில் குடியேறியிருக்கின்றன. தமிழில் 'டிபன்' என்றால் காலையிலும் இரவிலும் உண்ணும் இட்லி, தோசை, பொங்கல். வங்காளியின் 'டிபின்' நண்பகல் சிற்றுணவு. பள்ளியில் மணி அடித்ததும் திறக்கும் டப்பா, அலுவலகத்தில் நடுப்பகலில் கொறிப்பது. இரவு எட்டு மணிக்கு 'டிபன் கிடைக்குமா?' என்று கேட்கும் தமிழ்த் தந்தையைக் கடைக்காரர் வியப்போடு பார்ப்பதில் தவறில்லை. 'மெஸ்' என்பது தமிழில் உண்ணும் இடம். வங்காளத்தில் அது உறையும் இடம்: ஊரிலிருந்து வேலை தேடி வந்த ஆண்கள் பலர் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டு, சமையலாளுக்குச் சேர்ந்து கூலி கொடுத்து வாழ்ந்த விடுதி. நம் திருவல்லிக்கேணி மேன்ஷன்களை நினைத்துக்கொள்ளலாம். 'ஓட்டல்' மட்டும் இரு மொழிகளிலும் ஒத்துப்போகிறது. சோறு போடும் இடத்தை இருவருமே அப்படித்தான் அழைக்கிறார்கள். கைப்பேசிக்கு மட்டும் இது புரிவதில்லை. 'ஓட்டல்' என்று தட்டினால் அது படுக்கையறைகளைக் காட்டும்.

அந்த ஓட்டல்களில் ஒரு வகைக்குப் 'பைஸ் ஓட்டல்' என்று பெயர். பைஸ் என்பது பழைய காசு. நாலு பைஸ் ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். மெஸ்களில் தங்கியிருந்த எழுத்தர்களுக்கும் மாணவர்களுக்கும் சில்லறைக் காசுக்குச் சோறு போட்ட இடங்கள் இவை. கல்லூரித் தெருவை ஒட்டிய பவானி தத்தா சந்தில் 'சுவாதீன் பாரத் இந்து ஓட்டல்', ஜான்பஜாரில் 'சித்தேசுவரி ஆசிரமம்', தெற்கே ராஷ்பிகாரி அவென்யூ வட்டாரத்தில் 'தருண் நிகேதன்' என்று சில இன்னும் நடக்கின்றன. இவை நடைபாதையில் இல்லை, கூரைக்குள் உள்ளன. ஆயினும் தெருவுணவின் பொருளாதாரமே இவற்றின் பொருளாதாரமும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை: சோற்றுக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, மீன் துண்டுக்கு அதன் அளவைப் பொறுத்து ஒன்று. வாழையிலைக்கும் தனி விலை வைக்கும் வழக்கம் உண்டு. இலைக்குக் காசு கேட்கிறார்களே என்று தமிழ்க் குடும்பம் முதலில் முகம் சுளிக்கும். சற்று யோசித்தால் இதிலுள்ள நியாயம் விளங்கும். நாம் பழகிய 'அளவுச் சாப்பாடு' முறையில் உண்ணாததற்கும் சேர்த்தே கொடுக்கிறோம். இங்கே ஆறு வயதுப் பிள்ளை உண்ட ஒரு கைப்பிடிச் சோற்றுக்கு ஒரு கைப்பிடிக்குரிய விலைதான். ஐவர் குடும்பம் ஒன்று இரண்டு காய், ஒரு பருப்பு, இரண்டு மீன் என்று பகிர்ந்துண்ண இதைவிட இசைவான ஏற்பாடு வேறில்லை. அன்றைய பட்டியலைக் கரும்பலகையில் எழுதியிருப்பார்கள், அல்லது பரிமாறுபவர் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். புரியாவிட்டால் அடுத்த இலையைக் கைகாட்டினால் போதும். யாரும் தவறாக நினைப்பதில்லை.

சைவம் உண்பவர்க்கு ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. வங்காளத்தில் பருப்பிலும் கீரைக் கூட்டிலும் மீன்தலை சேர்த்துச் சமைப்பது விருந்துக்குரிய பழக்கம். பருப்புதானே என்று கேட்காமல் வாங்கும் பாட்டிக்கு அது அதிர்ச்சியாக முடியும். கேட்க வேண்டிய சொல் 'நிராமிஷ்'. கண்டிப்பான வழக்கில் அச்சொல் வெங்காயம், பூண்டையும் விலக்கும். அதாவது தமிழில் 'சைவம்' என்பதைவிட அது இறுக்கமானது. ஆகவே 'நிராமிஷ்' என்று சொல்லிப் பெற்றதை அச்சமின்றி உண்ணலாம். சைவக் குடும்பம் கொல்கத்தாவில் பட்டினி கிடக்கும் என்பது கட்டுக்கதை. கணவரை இழந்த பெண்களுக்கு மீனும் இறைச்சியும் மறுத்த கொடுமையான வழக்கம் அம்மண்ணில் நெடுங்காலம் இருந்தது. அவர்களுடைய அடுப்பில் வளர்ந்ததுதான் வங்காளத்துச் சைவச் சமையலின் பெரும்பகுதி. வாழைப்பூவையும் பூசணிப்பூவையும் கசகசாவையும் அவர்கள் ஆண்டதுபோல் ஆண்டோர் குறைவு. அந்த இலையின் முன் அமரும்போது இதையும் அறிந்திருப்பது நல்லது.

பிள்ளைகள் எப்படியும் கேட்கப்போவது பானிபூரி. மும்பையிலிருந்து வந்த அப்பெயரே தமிழில் நிலைத்துவிட்டது. தில்லியில் அது கோல்கப்பா, ஒடிசாவில் குப்சுப், கொல்கத்தாவில் புச்கா. பெயர் மாறினால் பொருளும் மாறும் என்பதை நாக்கு உடனே கண்டுகொள்ளும். புச்காவில் இனிப்புச் சட்னி இல்லை. மசித்த உருளைக்கிழங்கும் கறுப்புக் கொண்டைக்கடலையும் உள்ளே, வெளியே புளித்தண்ணீர், வாய்த்தால் கந்தராஜ் எலுமிச்சையின் மணம். 'ஸ்வீட்' கேட்டு வாங்க முயல்வது வீண். மிளகாய்க்கு வங்காளத்தில் 'லொங்கா' என்று பெயர். 'லொங்கா தேபேன் நா' என்றால் மிளகாய் போடாதீர்கள் என்று பொருள். கடைசியில் தண்ணீர் ஊற்றாத புச்கா ஒன்றை இலவசமாகத் தருவது அங்கே மரபு. கேட்டே வாங்கலாம், வெட்கமில்லை. புச்காக்காரர்களில் பலர் பிகாரிலிருந்து வந்தவர்கள் என்பதால் அரைகுறை இந்தியும் அங்கே செல்லும்.

புச்காவின் தண்ணீர்தான் தெருவுணவில் உள்ள உண்மையான இடர். கொதிக்காத நீரைக் கையால் கலக்குகிறார்கள். வாடிக்கையாளரின் குடலுக்குப் பழகிய நீர் புதிதாக வந்த குழந்தையின் குடலுக்குப் பழகியிராது. நாளையும் வருபவர் என்னும் காவல் இந்த ஓரிடத்தில் முழுமையாகப் பயன்படுவதில்லை. எனவே ஐந்து வயதுக்குட்பட்டோர்க்குத் தண்ணீரில்லாத புச்கா, அல்லது புச்காவை நொறுக்கிக் கிழங்கோடு பிசைந்த சுர்முர் போதும். நறுக்கி வைத்த பழம், பனிக்கட்டி போட்ட சர்பத்து இரண்டையும் எல்லாரும் தவிர்ப்பது நல்லது. மற்றபடி கண்முன் பொரிந்ததும் கொதித்ததும் மூடிவைத்த குளிரூட்டிய பஃபேயைவிடப் பாதுகாப்பானவை என்றே சொல்ல வேண்டும். 1990களில் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்புடன் இணைந்து கொல்கத்தாவின் தெருவுணவை ஆராய்ந்தபோது, சராசரியாக 500 கிராம் எடையுள்ள ஒருவேளை உணவு ஏறத்தாழ 1000 கலோரியும் 20 முதல் 30 கிராம் புரதமும் தருவதாகக் கண்டார்கள். வெறும் நாக்குச் சபலத்துக்காக நடக்கும் கடைகளாக இருந்தால் இந்த எண்கள் வந்திரா. அது ஒரு நகரத்தின் மதியச் சாப்பாடு.

தெருவுணவைப் பற்றி எழுதுவோரும் படம் எடுப்போரும் பெரும்பாலும் தனியே திரியும் இளைஞர்கள். அவர்களுக்கு மூட்டு வலிப்பதில்லை. நின்றுகொண்டே உண்டு, அடுத்த தெருவுக்கு நடந்து, அங்கும் உண்டு, பதினோரு மணிக்கு அறைக்குத் திரும்ப முடிகிறது. குடும்பத்துக்கு உட்கார இடம் வேண்டும். பாட்டிக்குச் சாய்மானம் வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். கழிப்பறை இல்லையென்றே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நடக்கும் அம்மாக்களைப் பற்றி எந்தக் காணொளியும் பேசுவதில்லை. மாலையில் அவர்களுக்கு வரும் தலைவலியைத் தெருவுணவின் தலையில் போடுவார்கள். ஆகவே குடும்பம் முதலில் விசாரிக்க வேண்டியது அருகில் உள்ள கட்டணக் கழிப்பிடம். அதன்பிறகு அதிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள கடை. டேக்கர்ஸ் சந்தில் மரப்பலகைகள் உண்டு. ஒரு மணிக் கூட்டம் வருவதற்குமுன் பன்னிரண்டரைக்குப் போனால் பாட்டிக்கு இடம் கிடைக்கும், கிடைக்காவிட்டாலும் எழுந்து தருவார்கள். பைஸ் ஓட்டலில் நாற்காலி உண்டு, ஆனால் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது. பின்னால் அடுத்தவர் காத்து நிற்பார். குடும்பத்தின் மானம் குளிரூட்டிய உணவகத்தில்தான் காக்கப்படும் என்று எண்ணும் தந்தையர் இன்னும் இருக்கிறார்கள். 'பிள்ளைகளை ரோட்டில் நிற்கவைத்துச் சோறு போட்டேன் என்று ஊரில் பேசுவார்களே' என்ற தயக்கம் அது. பசித்த பிள்ளைக்கு அந்தத் தயக்கம் புரிவதில்லை.

இவ்வளவு மலிவாக எப்படித் தர முடிகிறது என்ற கேள்வியை உண்பவர் ஒருமுறையாவது கேட்டுக்கொள்ள வேண்டும். கடைவாடகை இல்லை என்பது பாதிப் பதில். விடியுமுன் சந்தைக்குப் போவதும் காய் அரிவதும் பாத்திரம் கழுவுவதும் பெரும்பாலும் குடும்பத்தாரின் கூலியற்ற உழைப்பு என்பது மீதிப் பதில். அதனால்தான் ரோல் கடையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசும் வெளியூர்க் குடும்பத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் எழுத்தர் பேரம் பேசுவதில்லை. அவருக்குச் சொல்லும் விலைதான் இவர்களுக்கும்.

அக்கடைக்காரர் நாளையும் அங்கே நிற்பாரா என்பதற்கு உறுதியில்லை. 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் அன்றைய இடதுமுன்னணி அரசும் மாநகராட்சியும் கரியாஹாட் உள்ளிட்ட சாலைகளின் நடைபாதைக் கடைகளை இரவோடிரவாக இடித்து அகற்றின. உழைப்பாளர் பெயரால் ஆண்ட அரசு அதைச் செய்தது. நடைபாதையில் வணிகம் செய்வதும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசியல் சட்டத்தின் 19ஆம் உறுப்புக்குள் அடங்கும் உரிமையே என்று உச்சநீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் 1989இலேயே சொல்லியிருந்தது. 2014இல் நாடாளுமன்றம் தெருவோர வணிகர் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி ஒவ்வொரு நகரத்திலும் வணிகர்களைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும். அது முடியும்வரை எவரையும் அகற்றக்கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வணிகர்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அச்சட்டம் வந்து பத்தாண்டு கழித்து, 2024 சூனில், கொல்கத்தாவில் மீண்டும் கடைகளை அகற்றத் தொடங்கினார்கள். எதிர்ப்பு எழுந்ததும் முதலமைச்சர் ஒரு மாத அவகாசம் அறிவித்தார். ஆட்சியின் நிறம் மாறியிருந்தது, இயந்திரம் அதேதான்.

நடைபாதை நடப்பவர்க்கே உரியது என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. குழந்தை வண்டியோடும் கைத்தடியோடும் கரியாஹாட்டில் நடந்து பார்த்த குடும்பத்துக்கு அதன் நியாயம் தெரியும். கடைக்கு இவ்வளவு அகலம், நடப்பவர்க்கு இவ்வளவு அகலம் என்று கோடு போடவே சட்டம் விற்பனைக் குழுவை ஏற்படுத்தியது. கோடு போடாமல் அவ்வப்போது அகற்றுவதால் நடைபாதையும் கிடைப்பதில்லை, உணவும் கெடுகிறது. நாளை எங்கே நிற்போம் என்று அறியாத கடைக்காரர் நல்ல அடுப்பிலும் மூடியுள்ள தண்ணீர்த் தொட்டியிலும் பணம் போடமாட்டார். போட்டால் அது லாரியில் ஏறிப்போகும். இடம் பெயர்ந்த கடைக்கு எழுத்தரும் இல்லை, மருந்துக்கடைப் பையனும் இல்லை. நேற்று உண்டவர் இன்று கேள்வி கேட்க வரமாட்டார். வெளியூர்க் குடும்பம் நம்பி உண்பது எந்தக் காவலை நம்பியோ அந்தக் காவல் கடையோடு சேர்ந்து அகற்றப்படுகிறது. தெருவோர வணிகரின் சான்றிதழை வயிற்றுப்பாட்டுப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பவர்கள் அதை உணவுப் பாதுகாப்புச் சான்றிதழாகவும் பார்க்க வேண்டும்.

வங்காளிகளுக்கு இந்தக் கலை கைவந்தது. மருத்துவத்துக்காக வேலூருக்கு வரும் வங்காளக் குடும்பங்களைப் பார்த்தால் தெரியும். வாரக்கணக்கில் தங்க வேண்டியிருப்பதால் அவர்கள் முதல்நாளே விடுதித் தாழ்வாரத்தில் தமக்குமுன் வந்த நோயாளியின் உறவினரிடம் கேட்டுவிடுகிறார்கள்: நீங்கள் மதியம் எங்கே சாப்பிடுகிறீர்கள்? அப்படிக் கேட்டுக் கேட்டே மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் வங்காள எழுத்தில் பலகை தொங்கும் சோற்றுக் கடைகள் முளைத்திருக்கின்றன. மஞ்சள் குழம்பில் மீன்துண்டும் பருப்பும் தட்டில் விழும்போது, பக்கத்து மேசைக்காரர் எந்த ஊர் என்று விசாரித்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் ஹவுராவில் வந்திறங்கப்போகும் தமிழ்க் குடும்பத்துக்கு அந்த நான்கு சொற்களை யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்.